மேட்டுக்கு ஏறிய தண்ணீர்

அத்தை தன் அறுபத்தேழு வயதுக்குள் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் குறைந்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவாள். பேருந்தில் ஒருவன் அவள் காலை மிதித்துக்கொண்டு நின்றால், அவன் இறங்கும் நிறுத்தம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். கடையில் வரிசை தாண்டி நாலு பேர் வாங்கிக்கொண்டு போனாலும் தன் முறை வரும்வரை பையைப் பிடித்தபடி நிற்பாள். “அத்தை வாயைத் திறந்து ஒண்ணு கேட்டா அன்னைக்கு மழை கொட்டும்” என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எவ்வளவு பொறுமை என்று தெருவே மெச்சியது. பொறுமையாவது ஒன்றாவது, அது வெறும் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அவளுடைய தம்பி மகளுக்கு இருபத்தாறு வயது ஆக வேண்டியிருந்தது.

தம்பி மகளை இங்கே பேத்தி என்றே சொல்லிவிடுவோம். ஏனென்றால் இது அவளுடைய தாத்தாவின் கதை. தாத்தா நகரத்துத் தண்ணீர்த் துறையில் வால்வுக்காரராக இருந்தவர். போரில் செத்துப்போனவர். பேத்தி அவரைப் பார்த்ததில்லை. அவள் அப்பாவே பார்த்ததாகச் சொல்ல முடியாது, அப்போது அவருக்கு ஒரு வயது.

அதே துறையில் பேத்திக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்த அன்று வீடு முழுக்கச் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. அத்தை மட்டும் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“யாராவது சின்னப் பிள்ளை வந்து தண்ணி வேணும்னு கேட்டா, உடனே ஓடிடாதேம்மா.”

பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். அதுவரை அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி பேத்தி கேட்டதே இல்லை.

வால்வுக்காரர் வேலை என்பது இதுதான். தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்களில் அங்கங்கே வால்வு இருக்கும். நடுத்தெருவில் ஒரு சின்ன இரும்பு மூடி, அதைத் தூக்கினால் உள்ளே இடுப்பளவுக் குழி, குழிக்குள் வால்வின் தலை. தோள் உயரத்துக்கு நீண்ட இரும்புச் சாவியை மேலிருந்து அதில் மாட்டி, சாவியின் குறுக்குக் கம்பியைப் பிடித்துச் சுற்றி வந்தால் வால்வு திறக்கும், மூடும். தாத்தாவிடம் அப்படி அறுபது வால்வுகள் இருந்தன. எதற்கும் வரைபடம் பார்க்க மாட்டாராம். சாவியின் நுனியைக் காதில் வைத்துக் கேட்டு, குழாய் எங்கே கசிகிறது என்று சொல்வாராம். கூட வேலை பார்த்தவர்கள் அவரை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள்.

அந்த நகரத்தில் பள்ளத்தில் நாலு தெரு, மேட்டில் ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய குழாய்தான். தண்ணீருக்கு நோயாளி தெரியாது, பள்ளம்தான் தெரியும். அழுத்தம் குறைந்த நாட்களில் பள்ளத்துத் தெருக்களை மூடினால்தான் மேட்டுக்கு ஏறும். போர் நகரத்துக்குள் வந்து பதினோராவது நாள், குழாயில் வந்தது பேருக்குத்தான் தண்ணீர். தாத்தாவின் வீடு பள்ளத்தில் நாலாவது தெரு. அங்கே மனைவி காய்ச்சலில் கிடந்தாள். ஒன்பது வயதுப் பெண், அதாவது அத்தை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“அப்பா, நம்ம தெருவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தொறந்து விடுப்பா. தம்பிக்குப் பால் கரைக்கக்கூட இல்ல” என்றாள் அவள்.

அவர் அவள் தலையைத் தடவினார். “பாக்கறேன்” என்றார். போனார்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தெருமுனையில் குண்டு விழுந்தது. அவரை வால்வுக் குழிக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். சாவி வால்வின் மேல் மாட்டியபடியே இருந்தது. அன்று மாலையே நீரேற்று நிலையமும் குண்டில் போய், நகரம் முழுக்கத் தண்ணீர் நின்றது. மறுநாள் யாரோ வண்டியில் கொண்டுவந்த தண்ணீரில்தான் தம்பி பிழைத்தான்.

போர் முடிந்து மூன்று மாதம் கழித்து, செத்த ஊழியர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர், துறைக்குப் புதிது. பழைய ஆட்களில் பாதிப் பேர் செத்திருந்தார்கள், மீதிப் பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். அந்த வால்வில் சாவியை மாட்டி இடது பக்கம் சுற்றிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. இடது பக்கம் என்றால் திறக்கும் பக்கம். அதற்கு மேல் சுற்றவில்லை என்றால் முழுக்கத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதிகாரி அப்படியே எழுதினார்: ‘தனது சொந்தத் தெருவுக்கு நீர் திறந்துவிடச் சென்ற இடத்தில் இறந்தார்.’ எழுதியதோடு விட்டாரா, கடமை தவறாத மனிதர், வீட்டு வாசலில் நின்று விதவைக்கு அதை வாசித்தும் காட்டினார். கதவுக்குப் பின்னால் ஒன்பது வயதுப் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆஸ்பத்திரித் தண்ணீரைத் திருடப் போய்ச் செத்தவன் என்று பேச்சு கிளம்பியது. காய்ச்சலில் இருந்து எழுந்த மனைவி அந்தப் பேச்சில் படுத்தாள், இரண்டு வருடத்தில் போய்விட்டாள். தம்பியை வளர்த்தது அத்தைதான். பதினாலு வயதில் வேலைக்குப் போனாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே தீப்பெட்டி ஆலையில் ஆள் எடுத்தார்கள். அவள் மேடு ஏறிப் போய் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். நாற்பத்து நாலு வருடம் நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். சலவைச் சோடாவில் விரல்நுனிகள் வெந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. இவ்வளவு தூரம் ஏறி வருகிறாயே என்று கேட்டவர்களுக்கெல்லாம் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவந்தாள்.

சமையலறையில் பேத்தியிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். “நாங்க எடுத்த தண்ணியை, துணி துணியாத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்.”

“அத்தை, நீங்க அப்ப குழந்தை.”

“குழந்தைதான். அதனாலதானே அவரு மறுக்காமப் போனாரு.”

பேத்தி வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஆவண அறைக்குப் போய் அந்த அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தாள். மூன்று பக்கம். கடைசியில் ஒட்டாமல் ஒரு வரி இருந்தது: ‘அன்று பிற்பகல் ஆஸ்பத்திரித் தொட்டியில் நீர் ஏறியதாகத் தெரிகிறது. காரணம் அறியப்படவில்லை.’ அவளும் அதைப் படித்துவிட்டுக் காகிதக் கட்டை மூடி வைத்தாள். படித்தவள், அதே வேலை பார்ப்பவள், அவளுக்கும் உறைக்கவில்லை. எட்டு வருடம் ஓடிவிட்டது.

போருக்குப் பிறகு தாத்தாவின் தெருவில் எதிர்ப்பக்கமாகப் புதுக் குழாய் போட்டிருந்தார்கள். பழைய குழாய் செத்த பாம்பாகத் தாருக்கு அடியில் கிடந்தது. இப்போது சாக்கடை வேலைக்காக அதைத் தோண்டி எடுக்க வேண்டிவந்தது. அந்த வட்டம் பேத்தியின் பொறுப்பில் இருந்தது. காலையில் பதினோரு மணி வெயில். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் குழிக்குள் இறங்கி, சேற்றையும் செங்கல் தூளையும் வாரிக் கொட்டி, வால்வின் தலையைக் கண்டுபிடித்தார்கள். பேத்தி குழி விளிம்பில் நோட்டோடு நின்றாள். இது எந்த வால்வு என்று அவளுக்குத் தெரியும். ஆட்களிடம் சொல்லவில்லை.

மேஸ்திரி சாவியை மாட்டினார். இடது பக்கம் ஒரு அழுத்து அழுத்தினார். இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டு அழுத்தினார். கொஞ்சமும் அசையவில்லை.

“ஃபுல்லாத் தொறந்திருக்கு மேடம். எழுதிக்குங்க.”

பேத்தி எழுதினாள். ‘திறந்த நிலை.’ அவள் கையெழுத்திலேயே எழுதினாள். குண்டு விழுந்த நகரத்துக்குப் புதிதாக வந்த அதிகாரியை எட்டு வருடம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், அவர் வந்த முடிவையே எழுதினாள். துறையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது ஒன்றுதான், வலது மூடு, இடது திற. பத்து நாளில் அது கைக்குள் போய்விடும், அதற்கப்புறம் புத்தியைக் கேட்டுக் கை வேலை செய்யாது.

குழாயை இரண்டு பக்கமும் அறுத்து, வால்வைச் சங்கிலி போட்டுத் தூக்கித் தெருவோரம் படுக்க வைத்தார்கள். அளவு பார்ப்பதற்காக மேஸ்திரி குனிந்து, குழாய் வாய் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். திறந்த வால்வு என்றால் அந்தப் பக்கம் தெரு தெரிய வேண்டும்.

“இதென்ன மேடம், இருட்டா இருக்கு.”

“மண்ணு அடைச்சிருக்கும்.”

அவர் கடப்பாரையை உள்ளே விட்டு ஒரு குத்து குத்தினார். டங் என்றது. மண் அப்படிச் சத்தம் போடாது.

பேத்தி முழங்காலிட்டு, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். குழாயின் முழு வட்டத்தையும் அடைத்துக்கொண்டு இரும்புக் கதவு இறங்கியிருந்தது. ஒரு கீற்று இடைவெளி இல்லை. வால்வின் கழுத்தில் துரு அப்பியிருந்த இடத்தை மேஸ்திரி கம்பித் தூரிகையால் தேய்த்தார். இரும்பிலேயே வார்த்த ஓர் அம்புக்குறி மெல்லத் தெரிந்தது. அது இடது பக்கம் வளைந்திருந்தது. அதன் நுனியில் ‘மூடு’ என்று இருந்தது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “பள்ளத்துப் பக்கம் யாரோ வெளியூர் கம்பெனிக்காரன் குழாய் போட்டான், அவன் வால்வெல்லாம் தலைகீழாச் சுத்தும்னு எங்க பழைய ஆளுங்க சொல்வாங்க மேடம். சும்மா கதை விடறாங்கன்னு நெனச்சேன்.”

பேத்தி அப்படியே மண் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் குழாயில் நூல் மாதிரியாவது வந்தது என்று அத்தை சொல்லியிருந்தாள். அப்படியானால் காலையில் வால்வு திறந்திருந்தது. பிற்பகல் சாவி அதன் மேல் இருந்தது, வால்வு மூடியிருந்தது. நடுவில் அதைத் தொட ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். பள்ளத்தில் மூன்று தெருக்களை அடைத்துவிட்டு, கடைசியாகத் தன் தெருவுக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரித் தொட்டியில் ஏறிய தண்ணீருக்கு அறியப்படாத காரணம் தெருவோரத்தில் சங்கிலியோடு படுத்துக் கிடந்தது.

“இதைத் தொறந்து பாக்கணும். எத்தனை சுத்துன்னு எண்ணணும்” என்றாள் பேத்தி.

பழைய இரும்புக் கடைக்குப் போகிற சாமானுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று மேஸ்திரி பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் கழித்து அது வலது பக்கம் முனகிக்கொண்டு திரும்பியது. இரண்டு ஆட்கள் மாறி மாறிச் சுற்றினார்கள். கதவு முழுக்க மேலே போக நாற்பத்து நாலு சுற்று. அவர்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பேத்தி சாவியை வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். தோள் இறங்கியது. குழி இருந்த இடத்துக்குப் போய், சாவியை ஊன்றிக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். சாவியைச் சுற்றுவது என்றால் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் வட்டமாக நடக்க வேண்டும். நட்டநடுத் தெருவில், குண்டு விழுந்துகொண்டிருந்த பட்டப்பகலில், ஒளிய ஒரு சுவர்கூட இல்லாத இடத்தில், ஒரு மனிதர் செக்கு மாடு மாதிரி நாற்பத்து நாலு முறை சுற்றியிருக்கிறார். இதற்கு முன்னால் மூன்று தெருவில் இதையே செய்துவிட்டு வந்திருக்கிறார். அவசரப்பட்டால் வால்வின் தண்டு முறிந்துவிடும் என்று இந்த வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே நிதானமாகத்தான் சுற்றியிருக்க வேண்டும்.

நடையை முடித்து நிமிர்ந்தபோது அவள் எதிரே தாத்தாவின் பழைய வீடு இருந்தது. முனையிலிருந்து ஆறாவது வாசல். இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள், கதவுக்கு நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அந்த வாசல் அவர் முகத்துக்கு நேரே வந்துபோயிருக்கும். உள்ளே குழாயடியில் தன் பெண் நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டே அடுத்த சுற்றுக்குத் திரும்பியிருக்கிறார். பேத்திக்கு இந்த மனிதரின் ரத்தமா நம் உடம்பில் ஓடுகிறது என்று நினைத்தபோது பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. நம்மால் பத்துச் சுற்று முடியுமா என்று கேட்டுக்கொண்டாள். நேர்மையான பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு ‘மூடிய நிலை’ என்று எழுதினாள். அது சுலபமாக முடிந்தது. அத்தையிடம் எப்படிச் சொல்வது?

தன்னால்தான் அப்பா செத்தார் என்பது அத்தையின் ஆயுள் தண்டனை. ஆனால் அதற்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது: அப்பா தனக்காகச் செத்தார். ஒன்பது வயதில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவளுக்கு அவர் விட்டுப்போன ஒரே சொத்து அது. இப்போது போய், உங்க தாகம் தெரிஞ்சே உங்க தண்ணியை நிறுத்தப் போனார் அத்தை என்று சொன்னால், பழியும் போகும், அதோடு அந்தச் சொத்தும் போகும். அறுபத்தேழு வயதில் ஒருத்திக்கு இதைச் செய்யலாமா? இரண்டு நாள் பேத்தி அதை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அலைந்தாள். மூன்றாம் நாள் சனிக்கிழமை. வால்வைத் திங்கட்கிழமை பழைய இரும்புக்கு ஏற்றப்போவதாகக் கிடங்கிலிருந்து சொன்னார்கள். அவள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியில் பேருந்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிடங்கு முற்றத்தில் உடைந்த குழாய்களுக்கு நடுவே அது கிடந்தது. எண்ணிப் பார்த்ததற்கு அப்புறம் பேத்தி அதை மறுபடி மூடச் சொல்லியிருந்தாள். அத்தை கஷ்டப்பட்டுக் குனிந்து, வழுவழுத்துப்போன விரல்களைக் குழாய்க்குள் விட்டாள். முழங்கை வரை போனது. இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். விளிம்பு முழுக்கத் தடவினாள், எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

“இது மூடியா இருக்கு?”

“மூடித்தான் இருக்கு அத்தை.”

“அப்ப அந்த ஆபீசரு?”

“தப்பா எழுதிட்டாரு. நானும் மொதல்ல அப்படித்தான் எழுதினேன்.”

அத்தை கையை எடுக்கவில்லை. அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“வீட்ல பொட்டுத் தண்ணி இல்லன்னு அவருக்குத் தெரியும். தம்பி அழுததும் தெரியும்” என்றாள் அத்தை.

“தெரியும் அத்தை.”

“நான் குடத்தைப் பிடிச்சிட்டு நின்னேன். நூலா வந்துட்டு இருந்தது, சொட்டு சொட்டா ஆச்சு, அப்புறம் நின்னே போச்சு. அதுக்கு அப்புறந்தான் சத்தம் கேட்டுச்சு.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “இத்தனை வருஷமா யார்கிட்டயும் இதைச் சொல்லல. எனக்காகத்தான் ஏதோ செய்றாரு, இப்ப பெருசா வரப்போகுதுன்னு நெனச்சு, குடத்தைக் கீழ வைக்காம நின்னேன். அவரு முழுசா மூடி முடிச்சிருக்காரு. முடிச்ச அப்புறந்தான் போயிருக்காரு.”

“ஆமா.”

“மேல ஆஸ்பத்திரில எத்தனை பேரு இருந்திருப்பாங்க?”

“தெரியல அத்தை. அன்னைக்கு வராந்தாவுலகூட ஆளைப் படுக்க வச்சிருந்தாங்களாம்.”

அத்தை அதைக் கேட்டுக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வந்தது, அவள் துடைக்கவில்லை. ஆனால் அழுகிற முகமாக அது இல்லை. பேத்தி அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் முழு உயரத்தையும் அன்றுதான் அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

இவர்கள் இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கக் கிடங்குக்காரர் சாவிக் கொத்தோடு வந்தார். “என்னம்மா, என்ன வேணும்?” என்றார்.

அத்தை கையை வெளியே எடுத்தாள். துரு அப்பிய கையைச் சேலையில் துடைக்காமல் அவரிடம் நீட்டிக் காட்டினாள். அப்பா எனக்கு வீடு கட்டிக் கொடுத்தார், நகை செய்து போட்டார் என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

“இது எங்க அப்பா மூடின வால்வு. மூடாதப்பான்னு பெத்த பொண்ணு சொன்னாக்கூட விட்டிருக்க மாட்டாரு. நான் அன்னைக்கு அவ்வளவு கெஞ்சினேன், மனுஷன் காதுலயே போட்டுக்கல.”